முதல் வயலின் நாற்காலி

பாத் நகரத்து ஈரம் ஆட்டுக்குடல் தந்திக்கு ஆகாது, நீதிபதி ஐயா. காலையில் சுருதி சேர்த்து வைத்துவிட்டுப் போனால் மத்தியானம் வந்து பார்க்கும்போது இறங்கிப்போயிருக்கும். இந்த ஊரிலேயே பிறந்தவர்களுக்கு முழங்கால் வலித்தால் ஈரம் என்று தெரியும். எங்களுக்குத் தந்தி தளர்ந்தால் தெரியும். இதை எழுதவேண்டியதில்லை. உங்கள் எழுத்தர் பேனாவைச் சீவி முடிக்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்பது மரியாதையாக இருக்காதே என்று சொன்னேன்.

இனி எழுதிக்கொள்ளட்டும். என் பெயர் ஆன்டன் ஷ்வைகர். ஜெர்மன் தேசத்து ஹனோவர் நாட்டவன். காலையில் சீமான்களும் சீமாட்டிகளும் நீரூற்று மண்டபத்தில் நின்று மருந்தாக வெந்நீர் குடிக்கும்போது வாசிக்கிறவர்களில் நானும் ஒருவன். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் லேடி தோர்ன்பரியின் மாளிகையில் நால்வர் இசை. என் கருவி வயோலா; வயலினைவிடச் சற்றுப் பெரியது, குரல் கனத்தது. இறந்துபோன லோரென்ஸ் கீபர்ட் என் தங்கை டோரதியாவின் கணவன்.

திருடன் எவனோ வீடு புகுந்திருக்கிறான் என்று எங்கள் குழுவின் மிஸ்டர் பெல் உங்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பெல் நல்ல மனிதர். திருடனைப் பற்றிப் பேசி நேரம் கழிக்க வேண்டாம். லோரென்ஸைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே ஊர். பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போரில் ஒரே படையின் வாத்தியக் குழுவில் இருந்தோம். சண்டை ஆரம்பித்துவிட்டால் வாத்தியக்காரர்களுக்கு வேலை இல்லை என்று நினைப்பார்கள். காயம்பட்டவர்களை வண்டியில் ஏற்றி வருவது எங்கள் வேலைதான். அதனால் எனக்குக் குதிரைகளைத் தெரியும். படை வைத்தியர் கை கால்களை எடுக்கும்போது பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். எனக்கு மனத் திடம் உண்டென்று என்னைத்தான் கூப்பிடுவார். லோரென்ஸ் சின்னப் பையன். கூடாரத்துக்கு வெளியே காதைப் பொத்திக்கொண்டு நிற்பான். நான்தான் அவனுக்குச் சூப் ஊற்றித் தந்து தூங்கவைப்பேன். போர் முடிந்து அவனை இங்கிலாந்துக்கு அழைத்து வந்ததும் நான்தான். என் தங்கையை அவனுக்குக் கட்டிக்கொடுத்ததும் நான்தான். இதையெல்லாம் சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். அவனும் ஒருநாளும் மறந்ததில்லை.

எங்கள் குழுவில் லோரென்ஸ் முதல் வயலின். இரண்டாவது வயலின் மிஸ்டர் பெல். நடனம் சொல்லிக்கொடுக்கும் ஆங்கிலேயர், வாய் ஓயாதவர். செல்லோ வாசிப்பவர் ஹார்ட்டுங் என்ற வயதான ஜெர்மானியர், ஸாக்ஸனிக்காரர். அவருக்கு ஒரு காது கேட்காது. நல்ல காதை லோரென்ஸ் பக்கம் வைத்து உட்காருவார். நடுவில் நான். நால்வர் இசையில் வயோலாவின் வேலை வீட்டுக்கு உத்திரம் செய்கிற வேலை. யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, எடுத்துவிட்டால் கூரை இறங்கிவிடும். எனக்கு அதில் குறை இருந்ததில்லை.

லேடி தோர்ன்பரியின் விருந்தாளிகளை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தேநீர், சீட்டாட்டம், யார் மகளுக்கு யார் என்ற பேச்சு. நாங்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே சீமாட்டி விசிறியால் என் தோளைத் தட்டுவார். "மிஸ்டர் ஷ்வைகர், உங்க ஆளுங்களைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லுங்க. கர்னல் சொல்றது என் காதுல விழல." நாங்கள் அடக்கி வாசிப்போம். ஆனால் மெதுவான பகுதி வந்து லோரென்ஸ் ஒற்றைச் சுரத்தை நீட்டிப் பிடித்தால், முதலில் சீட்டாட்ட மேஜை அடங்கும், பிறகு கர்னல் அடங்குவார். கோப்பையைக் கீழே வைக்க வேண்டியவர்கள்கூட வைக்காமல் கையிலேயே பிடித்திருப்பார்கள். அந்த நிசப்தம் எங்கள் நால்வருக்கும் சேர்ந்தது என்றுதான் நான் எப்போதும் நினைத்தேன்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் இலையுதிர் காலத்தில் லண்டனிலிருந்து குவில்லர் என்றொருவர் வந்தார். கச்சேரிகள் ஏற்பாடு செய்பவர். லோரென்ஸைக் கேட்டுவிட்டுத் தனியாக அழைத்துப் பேசினார். மறுநாள் ஆற்றங்கரையில் நடக்கும்போது லோரென்ஸ் என்னிடம் சொன்னான்.

"மச்சான், லண்டன்ல கூப்பிடறாங்க. பின்னாடி இருபது பேரு, முன்னாடி நான் ஒத்தையா. என் பேரை அச்சடிச்சுச் சுவத்துல ஒட்டுவாங்களாம். எங்கப்பன் பாத்திருந்தா செத்தேபோயிருப்பான்."

"நம்ம நாலு பேரு என்ன ஆறது?"

"அங்கேயும் நாலு பேரா உக்காந்து வாசிக்காமலா இருப்பேன்? ஆள் சேத்துக்க வேண்டியதுதான்."

"வயோலாவுக்கு?"

அவன் சிரித்தான். "வயோலாவுக்கா பஞ்சம்? லண்டன்ல கண்ணை மூடிக்கிட்டுக் கல்லை விட்டெறிஞ்சா எவனாவது ஒரு வயோலாக்காரன் 'ஐயோ'ம்பான்." என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோளில் கைபோட்டான். "அட, சும்மா சொன்னேன்யா. முதல்ல நான் போய்க் காலை ஊனிக்கறேன். அப்பறம் உன்னைக் கூப்பிட்டுக்கறேன். நீ இல்லாம டோரா இருப்பாளா?"

எனக்கு வருத்தமில்லை, ஐயா. அது வேடிக்கைப் பேச்சு. என் கவலை அவனைப் பற்றி. லண்டனில் தனி வயலின் வாசிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கழைக்கூத்தாடிகள்போல. நான்கு பேரோடு சேர்ந்து மூச்சுவிடத் தெரிந்த ஒருவன் அங்கே போய் ஒரே வருடத்தில் கெட்டுப்போவான். ஒரு மூத்தவன் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது சரியில்லை. எடுத்துச் சொன்னேன். கேட்கவில்லை. டோரதியா மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

அவர்கள் கிளம்புவதற்கு முன் மிஸ்டர் பெல் எங்களையெல்லாம் தம் அண்ணனின் பண்ணைக்கு அழைத்துப் போனார். ஆப்பிள் மது பிழியும் காலம். அந்தச் செக்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வட்டமான கல் தொட்டி, அதற்குள் நிமிர்ந்து உருளும் ஒரு பெரிய கல் சக்கரம், அதை இழுத்துச் சுற்றிவர ஒரு குதிரை. அது ஒரு கிழட்டுக் குதிரை. இரண்டு சுற்று போனதும் நின்றுவிடும். லோரென்ஸ் உற்சாகமாக இருந்தான். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு சக்கரத்துக்கு முன்னால் அடைத்திருந்த ஆப்பிள் சக்கையை இடது கையால் வழித்து எடுத்தான். கிடைத்த நல்ல துண்டைத் தின்றான்.

கதவருகில் உட்கார்ந்திருந்த பெல் கத்தினார். "ஏம்ப்பா, அந்தக் கையாலதான் நாங்க எல்லாரும் சோறு திங்கறோம். வெளியே எடு அதை."

"இந்தக் குதிரை உங்களை விடச் சோம்பேறி மிஸ்டர் பெல், பயப்படாதீங்க" என்றான் லோரென்ஸ்.

டோரதியா சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் குதிரையின் தலைப்பக்கம் நின்று அதன் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை. கடிவாளத்தைத் தொடவில்லை. நாக்கை ஒருமுறை சொடுக்கினேன். படையில் வண்டிக் குதிரைகளுக்குக் கொடுக்கிற அதே ஓசை. கல் ஒரு சாண் தூரம்கூட உருண்டிருக்காது.

சுண்டுவிரல் போதும் என்றுதான் எண்ணியிருந்தேன். இடது சுண்டுவிரல் மடங்காவிட்டால் லண்டன் வித்தைகளுக்குக் கை எட்டாது. நால்வர் இசைக்குச் சமாளித்துக்கொள்ளலாம். யோசித்துத்தான் செய்தேன். ஆனால் கல்லுக்கு அவ்வளவு நுணுக்கம் தெரியாது. கட்டை விரலைத் தவிர மற்ற நான்கும் அதனடியில் போய்விட்டன. அவன் கத்திய சத்தத்தில் குதிரை மிரண்டு இன்னும் ஓரடி முன்னால் எடுத்துவைத்தது. அது என் கணக்கில் இல்லை. தொட்டியில் ஆப்பிள் சக்கைக்கும் மற்றதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பெல் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார். நான்தான் குதிரையைப் பின்னால் தள்ளினேன். என் கழுத்துத் துணியை அவன் கையில் சுற்றி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கி ரத்தத்தை நிறுத்தினேன். வைத்தியர் வந்து தொங்கிக்கொண்டிருந்ததை வெட்டும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டதும் நான்தான். "இவர் இல்லைன்னா ஆள் போயிருப்பான்" என்று வைத்தியர் எல்லோர் முன்னாலும் சொன்னார். டோரதியா என் இரண்டு கைகளையும் எடுத்து முத்தமிட்டாள். "அண்ணா, இந்த உசுரு நீங்க போட்ட பிச்சை" என்றாள். நான் மறுக்கவில்லை. பார்க்கப்போனால் அது பொய்யும் இல்லை.

லண்டன் பயணம் நின்றது. மூட்டைகளைப் பிரித்தார்கள். முதல் வயலினுக்கு ஆள் வேண்டுமே. வெளியாள் எதற்கு என்று நானே உட்கார்ந்தேன். எனக்கும் வயலின் தெரியும். சிறு வயதில் லோரென்ஸுக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். வயோலாவுக்கு ஒரு மருந்துக்கடைக்காரரைச் சேர்த்துக்கொண்டோம். அந்தக் குளிர்காலம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் முதல் நாற்காலி. நன்றாகவே போயிற்று. லேடி தோர்ன்பரி ஒருமுறை எல்லோர் காதிலும் விழும்படி என்னிடம் சொன்னார்: "உங்க வாசிப்புல ஒரு நிம்மதி இருக்கு, மிஸ்டர் ஷ்வைகர். நாங்கபாட்டுக்குப் பேசிக்கிட்டிருக்கலாம்." நான் குனிந்து வணங்கி நன்றி சொன்னேன்.

லோரென்ஸ் சில மாதங்கள் ஜன்னலோரமாகவே உட்கார்ந்திருந்தான். நான் தினமும் போவேன். இறைச்சியை நறுக்கிக் கொடுப்பேன், முகம் மழித்துவிடுவேன். அப்படி ஒருநாள் மழித்துக்கொண்டிருக்கும்போது அவன் கேட்டான்.

"மச்சான், வயலினைத் திருப்பிப் பிடிச்சா என்ன?"

"எப்படித் திருப்பி?"

"வலது தோள்ல வெச்சு, வலது கையால தந்தியை அழுத்தறது. இந்த மொண்டிக் கையில வில்லைக் கட்டிவிட்டுட்டா?"

தந்திகளின் வரிசையை மாற்றினோம். உள்ளே இருக்கிற தாங்கு குச்சியை இடம் மாற்ற நானே அவன் வயலினைக் கடைக்கு எடுத்துப் போனேன். செருப்புத் தைப்பவரிடம் சொல்லி ஒரு தோல் வார் செய்து வாங்கினேன். அதைக் கொண்டு தினமும் அவன் இடது கட்டைவிரலோடு வில்லைச் சேர்த்துக் கட்டிவிட்டதும் நான்தான்; டோரதியாவைக் கேளுங்கள், சொல்வாள். ஆரம்பத்தில் அந்த ஓசை, அடுப்பில் அகப்பட்ட பூனைபோல இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி சுவரில் இடிப்பாள். நான் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த நாட்களில் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. ஏனென்று யோசித்ததில்லை.

கோடை வந்தபோது பூனை அடங்கிவிட்டது. அடுத்த குளிர்காலத்துக்குள் அவன் மெதுவான பகுதிகளைத் தவறில்லாமல் வாசித்தான். வேகமானவை வரவில்லை, இனி வரவும் வராது. வில் அசிங்கமாக நகரும். ஆனால் எப்படிச் சொல்வது, பழைய சுரம் அழகாக இருந்தது என்றால், இது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது. கிழவர் ஹார்ட்டுங் கேட்டுவிட்டுத் தம் செல்லோவின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

இந்த வசந்தத்தில் குவில்லர் மறுபடியும் வந்தார். கைபோன வயலின்காரன் என்றால் லண்டன் இன்னும் அதிகமாகக் கூடும் என்பது அவர் கணக்கு. லோரென்ஸ் அவரிடம் என் முன்னாலேயே சொன்னான்: "மன்னிக்கணும். நான் எங்கேயும் வரல. இந்த நாலு பேரோட இந்த ஊர்லயே கிடந்துட்டுப் போறேன்." பெல் மேஜையைத் தட்டிக் கூவினார். டோரதியா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் எதற்காக அவ்வளவும் செய்தேனோ அது அப்படியே நடந்துவிட்டது, ஐயா. குழு பிழைத்துவிட்டது. நானும் சிரித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் மாளிகைக்கு வந்தான். மருந்துக்கடைக்காரர் ஒதுங்கிக்கொள்ள, நான் எழுந்து இடம் விட்டு என் பழைய நாற்காலிக்குப் போனேன். அவன் வில் எங்களுக்கு எதிர்த் திசையில் போகும் என்பதால் பெல் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார். "என் கண்ணைக் குத்திடாதப்பா. நாளைக்கு ஒரு பணக்கார விதவைக்கு நடனம் சொல்லிக்கொடுக்கணும், கண்ணடிக்க ரெண்டும் வேணும்." கூடம் சிரித்தது. பிறகு மெதுவான பகுதி வந்தது. சீட்டாட்ட மேஜை அடங்கியது. கர்னல் அடங்கினார். லேடி தோர்ன்பரி அழுதார். துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார். முடிந்த பிறகும் யாரும் வெகுநேரம் கை தட்டவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் நான் அந்தக் கூடத்தில் முதல் நாற்காலியில் இருந்திருக்கிறேன். அந்தச் சுவர்க் கடிகாரத்துக்கு ஓசை உண்டென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் முற்பகல் வழக்கம்போல லோரென்ஸ் வீட்டுக்குப் போனேன். டோரதியா ஆற்றுக்குத் துணி துவைக்கப் போயிருந்தாள். அவன் ரொட்டியும் பாற்கட்டியும் தின்றுகொண்டிருந்தான். எனக்கும் ஒரு துண்டு வெட்டி வைத்தான். பாற்கட்டி நன்றாக இருந்தது. பிறகு வாரைக் கட்டிவிடச் சொன்னான். கட்டினேன்.

"மச்சான், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? நேத்து நான் அந்தச் சுரத்தை இழுக்கற எடத்துல வயோலா கொஞ்சம் தடிமனா வந்து விழுந்துது. மெல்ல எடு. இப்படி." வலது கையை மேஜைமேல் வைத்து, விரல் எப்படி இறங்க வேண்டும் என்று மரத்தில் அழுத்திக் காட்டினான்.

அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"உனக்கு அந்த நாற்காலியில உக்காரணும்னு ஆசையா இருந்தா நீயே உக்காரு. நான் பெல் இடத்துக்கு, ரெண்டாவது வயலினுக்குப் போறேன். அவரு வயோலாவைப் பாத்துக்கட்டும். எனக்கு எங்கே உக்காந்தாலும் ஒண்ணுதான், மச்சான். மனசாரத்தான் சொல்றேன்."

மனதாரத்தான் சொன்னான். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவனிடம் சூதே கிடையாது.

கரி உடைக்கும் சுத்தியல் அடுப்புப் பக்கத்தில் கிடந்தது. நான் அதைத் தேடிப் போகவில்லை. முதல் அடி விரல்கள்மேல் விழுந்தது. அவன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். மணிக்கட்டை மேஜையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பிடி எனக்குப் பழக்கம். இரண்டாவது அடி விரல் மூட்டுகளில். அடுத்தது மணிக்கட்டில். எலும்பு நொறுங்கும் ஓசை சுள்ளி ஒடிவதுபோல என்பார்கள். அப்படி இல்லை, ஈரமான ஓசை அது. இடது கையில் கட்டியிருந்த வில்லால் என்னைத் தள்ளினான். அது என் கன்னத்தைக் கீறியது. இந்தக் காயம் அதுதான். வில் முறிந்தது. அவன் கத்தவில்லை. மூச்சுத்தான் வாங்கியது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்குக் குதிரையை ஓட்டினதும் நீதான். நாக்கைச் சொடுக்கினது எனக்குக் கேட்டுச்சு" என்றான்.

"தெரிஞ்சுமா பேசாம இருந்தே?"

"என்னைப் பிரிய மனசில்லாம நீ செஞ்சிட்டேன்னு நெனச்சேன். டோராகிட்டகூடச் சொல்லல. இனிமே எங்கேயும் போகலேன்னு முடிவு பண்ணினதே உனக்காகத்தான்." பிறகு தன் வலது கையைப் பார்த்தான். "இப்ப எதுக்கு, மச்சான்? நான்தான் போகலேன்னுட்டேனே."

பதில் வரும்வரை அவன் பார்வையை எடுப்பதாக இல்லை. அதனால் நெற்றிப்பொட்டில் அடித்தேன். நாற்காலியோடு சாய்ந்தான். இன்னும் இருமுறை அடித்தேன். அரைகுறையாக விட்டுவிட்டு வருவது எவ்வளவு கொடுமை என்று படையில் பார்த்திருக்கிறேன். அவன் குதிகால் தரையில் கொஞ்சநேரம் தாளம் போட்டது. பிறகு நின்றது.

சுத்தியலைக் கரி வாளியில் போட்டேன். கை கழுவினேன். வயலின் ஜன்னலோரம் பத்திரமாக இருந்தது. ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. தந்திகளைக் கழற்றி, எல்லோரும் வாசிக்கிற சரியான வரிசையில் திரும்பக் கட்ட ஆரம்பித்தேன். டோரதியா துணிக்கூடையோடு உள்ளே வந்தபோது அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அவள் முதலில் என்னைத்தான் பார்த்தாள்.

"அண்ணா, உங்க கன்னத்துல என்ன ரத்தம்?" என்று பதறினாள். பிறகு மேஜைப் பக்கம் திரும்பினாள். கூடையைக் கீழே போடவில்லை. மெதுவாக வைத்தாள். அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணா, கட்டு போடுங்க. அன்னைக்குப் போட்டீங்களே, அதே மாதிரி போடுங்க. சீக்கிரம்" என்று கெஞ்சினாள். நான் என் கழுத்துத் துணியைக் கழற்றிக் கொடுத்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

அவ்வளவுதான், ஐயா. லோரென்ஸ் கீபர்ட்டின் இடது கையை எடுத்தது நான். வலது கையை எடுத்தது நான். உயிரை எடுத்ததும் நான். காரணம் என்னவென்று கேட்டீர்கள். அவன் வாயால் சொன்னதையே எழுதிக்கொள்ளுங்கள்: அவனைப் பிரிய எனக்கு மனமில்லை. பொறாமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவன் அளவுக்கு எனக்கும் வாசிக்கத் தெரியும். நான் முதல் நாற்காலியில் இருந்த அந்தக் குளிர்காலம் மிகவும் கடுமையானது, உங்களுக்கே நினைவிருக்கும். அவ்வளவு குளிரில் வாயை மூடிக்கொண்டு உட்கார யாரால்தான் முடியும்? பேசத்தான் செய்வார்கள்.